சூட்டில் அடம்பிடிக்கும் டூ-ஸ்ட்ரோக் இஞ்சின்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி

காலையில் ஒரே உதையில் எழுந்துவிடும் மோட்டார் சைக்கிள், பட்டர்வொர்த்தில் ஃபெரியில் ஏற்றி அணைத்துவிட்டு ஜார்ஜ் டவுன் கரையில் இறங்கும் நேரத்தில் எத்தனை முறை உதைத்தாலும் எழாமல் போவது, பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருக்கும் பினாங்குக்காரர்கள் பலருக்கும் பழக்கமான தொல்லை. வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் அரை மணி நேரம் ஆறவிட்டால், எதுவுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். மறுநாள் காலை பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் முதல் உதையிலேயே எழுந்து நிற்கும். பார்ப்பவர் பிளக்கை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, கூலி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். இரண்டு நாளில் பழைய கதை மறுபடியும் தொடங்கும்.

இந்தக் கோளாறைப் பிடிப்பதற்கான முதல் விதி ஒன்றுதான்: சூட்டில் வருகிற கோளாறைச் சூட்டிலேயே பார்க்க வேண்டும். பிறையில் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, வண்டியோடு வரும் பையன்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஆறப் போட்டுக் கொண்டு வந்தா நான் என்னத்தப் பாக்குறது தம்பி? சூட்டோட கொண்டு வா." ஆறிப்போன இஞ்சினில், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் மின்தடை சரியாக இருக்கும், பெட்ரோல் மட்டம் சரியாக இருக்கும், கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவும்) ஓரளவு இருக்கும். ஆகவே பட்டறையை நம்பியிருக்காமல், வண்டி எழ மறுக்கும் அந்த இடத்திலேயே, அந்தச் சில நிமிடங்களிலேயே நீங்களே சில சோதனைகளைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

இங்கே சொல்வதெல்லாம் யமஹா ஆர்.எக்ஸ்.இசட் போன்ற, கார்பரேட்டரும் சிடிஐ-யும் (தீப்பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) உள்ள, காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியது. புல் வெட்டும் மெஷின், மீன்பிடிப் படகின் சின்ன மோட்டார் ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கார்பரேட்டர் உள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) வண்டிகளுக்குத் தனியாக ஒரு பத்தி கீழே இருக்கிறது.

அணைத்த பிறகு என்ன நடக்கிறது

"நம் ஊர் வெயில் அப்படி" என்று சொல்லிவிட்டு இந்தக் கோளாறோடு வாழப் பழகிக்கொள்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மைகூட இல்லை. கனடாவில் பனியின் மீது ஓடும் ஸ்னோமொபைல்களிலும் இதே கோளாறு வருகிறது. அவற்றிலும் நெடுங்காலம் கார்பரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் இஞ்சின்களே இருந்தன. வெளியே உறைநிலைக்குக் கீழே குளிர் இருந்தாலும், மூடிய கவசத்துக்குள் இருக்கும் இஞ்சினை அணைத்தவுடன் அதன் சூடு கார்பரேட்டரையும் காயிலையும் நோக்கிப் பரவும். வெளிக்காற்றின் வெப்பம் கோளாறைச் சற்று மோசமாக்கலாமே தவிர, மூல காரணம் அணைத்த பிறகு இஞ்சினுக்குள் நடக்கும் வெப்பப் பரவல்தான்.

வண்டி ஓடும்போது சிலிண்டரின் இறகுகள் மீது காற்று வீசுகிறது, கார்பரேட்டருக்குள் புதிய பெட்ரோல் ஓயாமல் வருகிறது, அந்தப் பெட்ரோல் ஆவியாகும்போது கார்பரேட்டரையே குளிர்விக்கிறது. அணைத்தவுடன் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன. சிலிண்டரில் தேங்கிய சூடு இன்டேக் குழாய் வழியாகக் கார்பரேட்டருக்கும், பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் பெட்டி வழியாக, இஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டின் காயில்களுக்கும் ஏறுகிறது. அதனால் இந்தப் பாகங்கள் ஓடும்போது இருந்ததைவிட, அணைத்துப் பத்து இருபது நிமிடங்கள் ஆன பிறகே அதிகச் சூடாக இருக்கும். பெட்ரோல் என்பது ஒரே கொதிநிலை உள்ள திரவம் அல்ல; அதன் லேசான பகுதிகள் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமான பகுதிகள் 200 டிகிரியை ஒட்டித்தான் முழுதாக ஆவியாகும். கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணம் 60, 70 டிகிரிக்கு ஏறினால் உள்ளே இருக்கும் பெட்ரோல் குமிழியிட்டு, ஜெட்டுகள் என்னும் சிறு துளைகள் வழியாக இன்டேக்கில் வழியத் தொடங்கிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

இருக்கைக்கு அடியில் ஒரு சின்னப் பையில் பிளக் ஸ்பேனர், நல்ல நிலையில் உள்ள ஒரு மாற்றுப் பிளக், ஸ்க்ரூ டிரைவர், காய்ந்த துணி, தடித்த கையுறை, ஒரு சிறிய தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பழகிய பட்டறையில் கேட்டு வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சூடான இஞ்சின், பெட்ரோல் ஆவி, தீப்பொறி ஆகிய மூன்றும் சேரும் வேலை இது. எண்ணெய் நிலையத்திலோ, ஃபெரியின் தளத்திலோ, மூடிய அடித்தளக் கார் நிறுத்துமிடத்திலோ இந்தச் சோதனைகளைச் செய்யக் கூடாது. காற்றோட்டமான திறந்த இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பிறகே பிளக்கைத் தொடுங்கள்.

முதல் படி: எப்போது மறுக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுதல்

கோளாறு வரும்போதெல்லாம், இஞ்சினை அணைத்து எவ்வளவு நேரம் கழித்து உதைத்தீர்கள் என்பதைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். சிக்னலில் நின்றுபோன இஞ்சின் அந்த நிமிடமே எழ மறுக்கிறதா? பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் மட்டும் மறுக்கிறதா? அணைத்த உடனே உதைத்தால் எழுந்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மட்டும் மறுக்கிறது என்றால், பெரும்பாலும் கார்பரேட்டரில் பெட்ரோல் வழிவதும், சில வேளைகளில் காயில் சூடேறுவதும் காரணம். நின்ற உடனேயே எழவில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்தி குறைந்து நின்றுபோனது என்றால், காயில், கம்ப்ரஷன், காற்றுக் கசிவு ஆகியவற்றின் மீதுதான் சந்தேகம் விழ வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். உதைத்தால் எழாத வண்டி, இரண்டாம் கியரில் தள்ளிவிட்டால் எளிதாக எழுந்துவிடுகிறதா? அப்படியென்றால் தீப்பொறி பலவீனமாக இருக்கலாம் அல்லது கம்ப்ரஷன் தேய்ந்திருக்கலாம். ஏனென்றால் மேக்னெட் சுற்றும் வேகம் கூடினால் காயிலின் மின்னழுத்தமும் கூடுகிறது.

இரண்டாம் படி: மூன்று விதமாக உதைத்துப் பார்த்தல்

வண்டி மறுக்கும்போது பதற்றத்தில் தொடர்ந்து உதைத்துக்கொண்டே இருப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படி உதைக்க உதைக்க, வழிந்த பெட்ரோல் இன்னும் கிராங்க் பெட்டிக்குள் இறங்கிச் சேருமே தவிர நிலைமை சீராகாது. அதற்குப் பதிலாக ஒழுங்காக மூன்று முயற்சிகள் செய்யுங்கள்.

முதலில், குளிரில் எழுப்புவதற்காகக் கலவையைக் கனமாக்கும் சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரையும் திருகாமல் இரண்டு மூன்று உதை. எழவில்லை என்றால், பெட்ரோல் காக்கை (டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்த் திருகை) மூடிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு ஐந்தாறு உதை. இதில் இஞ்சின் முக்கி முனகி, கறுப்போ வெள்ளையோ புகை கக்கிக்கொண்டு எழுந்தால், உள்ளே பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்பது ஏறத்தாழ உறுதி. எழுந்தவுடன் ஆக்ஸிலரேட்டரை உடனே குறைத்து, காக்கைத் திறந்துவிடுங்கள். இதிலும் எழவில்லை என்றால் காக்கைத் திறந்து, சோக்கை இழுத்து இரண்டே உதை. சூடான இஞ்சின் சோக் போட்டால் மட்டும் எழுகிறது என்றால், அதற்குப் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கோ கூடுதலாகக் காற்று நுழைகிறது என்று பொருள். ஆக, பெட்ரோல் அதிகமா, குறைவா என்ற கேள்விக்கு ஒரு பாகத்தைக்கூடக் கழற்றாமல் பதில் கிடைத்துவிடுகிறது. மூன்றிலும் இஞ்சின் அசைந்துகூடக் கொடுக்கவில்லை என்றால் தீப்பொறியின் பக்கம் போக வேண்டும்.

மூன்றாம் படி: பிளக் சொல்லும் செய்தி

கையுறை அணிந்து, பிளக்கை மெதுவாகக் கழற்றுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூட்டில் பிளக் இறுக்கமாகப் பிடித்தால் வலுக்கட்டாயமாகத் திருகாமல், சற்று முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். இல்லாவிட்டால் ஹெட்டில் உள்ள மரை கெட்டுவிடும்.

பிளக்கின் முனை பெட்ரோலில் நனைந்து பளபளத்தால், பெட்ரோல் வந்திருக்கிறது, பற்றவில்லை. முனை காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. நிறம் சொல்வது இதுவரை ஓடிய விதத்தை: காபித்தூள் நிறம் என்றால் ஆரோக்கியமான பிளக். கறுத்து எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால் பெட்ரோலோடு கலந்து எரியும் டூ-டி எண்ணெய் அதிகம் அல்லது பெட்ரோல் அதிகம். சாம்பல் வெளுப்பாக இருந்தால் கலவை மெலிந்து, இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெளுத்த பிளக்கைப் பார்த்தும் தொடர்ந்து ஓட்டுவது பிஸ்டனுக்கு ஆபத்து.

அடுத்து, தீப்பொறியைப் பாருங்கள். கழற்றிய பிளக்கை மறுபடியும் ஹெட்டில் பூட்டிவிட்டு, கொண்டுவந்த மாற்றுப் பிளக்கை மூடியில் செருகி, அதன் மரைப்பகுதி இஞ்சினின் வெற்று உலோகத்தில் நன்றாகப் படும்படி கையுறைக் கையால் பிடித்துக்கொண்டு உதையுங்கள். பழைய பிளக்கை இடத்திலேயே பூட்டி வைப்பதற்குக் காரணம் உண்டு: ஹெட்டின் துளை திறந்திருந்தால் பெட்ரோல் ஆவி வெளியே பீய்ச்சும், வெளியில் பிடித்திருக்கும் பிளக்கின் பொறி அதைப் பற்றவைத்துவிடும். மூடியில் எந்தப் பிளக்கும் செருகாமல் உதைப்பதும் கூடாது. போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலையோ சிடிஐ-யையோ கெடுத்துவிடும்.

நீலம் கலந்த வெள்ளையாகச் சட்டென்று தாவும் பொறி நல்லது. ஆரஞ்சு நிறத்தில், மெலிந்து, சில உதைக்கு வந்து சில உதைக்கு வராமல் இருக்கும் பொறி நல்லதல்ல. வெளிக்காற்றில் தாவும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் தாவ முடியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டறையில் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் சோதனைக் கருவி இருந்தால், 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.

பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது, கையால் முடிந்தவரை திருகிவிட்டு, புதிய பிளக் என்றால் ஸ்பேனரால் மேலும் அரைச் சுற்று, பழையது என்றால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று போதும்.

பெட்ரோல் அதிகமாகிறது என்றால்

சூட்டில் எழாத வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

செலவே இல்லாத ஒரு சோதனை முதலில். வண்டியை நிறுத்தப் போகும் இடத்துக்குச் சில நூறு மீட்டர் முன்பே பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, கிண்ணத்தின் மட்டம் சற்று இறங்கும்வரை ஓட்டிவந்து அணைத்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துக் காக்கைத் திறந்து உதையுங்கள். வழக்கமாக மறுக்கும் வண்டி இப்போது எழுந்துவிட்டால், கோளாறு மிதவைக் கிண்ணத்தில் இருக்கிறது என்று முடிவு செய்யலாம்.

கிண்ணத்தைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது, மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வரத்தை மூடும் ஊசி வால்வின் முனை. அதை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். ரப்பர் முனை வழவழப்பான கூம்பாக இருக்க வேண்டும். பல வருடம் ஓடிய வால்வில், அது உட்காரும் இடத்தில் மெல்லிய வளையம்போல் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், நகம் அதில் தட்டும். அந்தப் பள்ளம் இருந்தால் வால்வு முழுவதும் மூடாது; சூட்டில் ரப்பர் இளகும்போது இன்னும் மோசமாகும். புதிய ஊசியும் அதன் இருக்கையும் சேர்த்து வாங்கி மாற்றுங்கள். இதற்காக முழுக் கார்பரேட்டரையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மலிவு விலையில் கிடைக்கும் நகல் கார்பரேட்டர்களில் ஜெட் அளவுகள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும், அதைச் சரிக்கட்டுவது தனிப் பாடாகிவிடும்.

மிதவையின் உயரத்தையும் அளக்க வேண்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவைவிட மட்டம் உயர்ந்திருந்தால், சூட்டில் பெட்ரோல் விரியும்போது ஜெட் வழியாக வழியும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை, கனத்துப்போய் மேலே எழாது.

அடுத்தது சோக். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. பல கார்பரேட்டர்களில் சோக் என்பது ஒரு சிறிய பிளஞ்சர். அதன் அடியில் உள்ள ரப்பர் வட்டு துளையை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்துவிட்டாலோ, கேபிள் இறுக்கமாக இருந்து பிளஞ்சரை அரை மில்லிமீட்டர் தூக்கியே வைத்திருந்தாலோ, சோக் எப்போதும் கொஞ்சம் போட்ட நிலையிலேயே இருக்கும். அப்படிப்பட்ட வண்டி காலைக் குளிரில் சோக்கே இல்லாமல் வெகு சுலபமாக எழும், சூட்டில் அடம்பிடிக்கும். "காலையில் சோக் தேவையே இல்லை, அவ்வளவு நல்ல இஞ்சின்" என்று ஒருவர் பெருமையாகச் சொல்லிவிட்டு, மதியத்தில் எழவில்லை என்று வருந்தினால், நான் முதலில் கழற்றச் சொல்வது அந்தப் பிளஞ்சரைத்தான்.

கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயும் தடித்த கேஸ்கெட்டும் வெறும் இணைப்புக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. சூடு கார்பரேட்டருக்கு ஏறாமல் தடுப்பதும் அவற்றின் வேலை. அழகுக்காகவோ வேகத்துக்காகவோ அலுமினியக் குழாய் மாட்டிய வண்டிகளில் இந்தத் தடுப்பு போய்விடுகிறது. கம்பெனி பாகத்தையே திரும்பப் போடுவது நல்லது. பெட்ரோல் குழாய் சிலிண்டர் ஹெட்டை உரசிக்கொண்டு போகிறதா என்பதையும் பாருங்கள்; போனால், குழாயில் ஆவிக்குமிழி நின்று பெட்ரோலைத் தடுக்கும்.

ஏர் ஃபில்டரில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அடைத்திருந்தாலும் கலவை கனத்துவிடும். ஃபோம் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, மெல்ல எண்ணெய் பூசித் திரும்பப் போடுவது ஒரு மாலை வேலைதான்.

வழியில் மாட்டிக்கொண்டு இஞ்சினுக்குள் பெட்ரோல் நிரம்பிவிட்டால்: காக்கை மூடி, சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி எட்ட வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து பத்துப் பன்னிரண்டு முறை உதையுங்கள். கிராங்க் பெட்டியில் தேங்கியது துளை வழியாகத் தெறித்து வெளியேறும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். பிறகு காய்ந்த பிளக்கைப் போட்டு, ஆவி கலைய இரண்டு நிமிடம் விட்டு, உதைக்கலாம்.

பெட்ரோல் போதவில்லை என்றால்

முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி எழுந்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மெழுகுப் பாலிஷும் துருவும் சேர்ந்து அடைப்பது வழக்கம். துளையைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் காக்கின் வடிகட்டியையும் பைலட் ஜெட்டையும் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறிய ஜெட்) கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பைலட் ஜெட்டைக் கம்பியால் குத்தாமல், காற்றால் ஊதி அல்லது கார்பரேட்டர் கிளீனரால் கழுவ வேண்டும், ஏனென்றால் துளை துளியளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும்.

அதற்குப் பிறகும் சோக் இல்லாமல் எழவில்லை என்றால் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். டூ-ஸ்ட்ரோக் இஞ்சினில் கலவை முதலில் கிராங்க் பெட்டிக்குள் போய்த்தான் மேலே ஏறுகிறது; ஆகவே கிராங்க் பெட்டியில் எங்கே ஓட்டை இருந்தாலும் இஞ்சினின் மூச்சு கெடும். இதன் அறிகுறி, சூடேற ஏற ஐட்லிங் தானாக உயர்வதும், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நிற்பதும் ஆகும். வண்டி ஐட்லிங்கில் ஓடும்போது இன்டேக் ரப்பரின் மடிப்புகளிலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஐட்லிங் சத்தம் சட்டென்று மாறினால் கசிவு அங்கேதான். சூடான இஞ்சினில் எரியக்கூடிய ஸ்ப்ரே எதையும் அடிக்க வேண்டாம்.

இன்டேக் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டு வெளியே வரும் இடங்களில் உள்ள ரப்பர் அடைப்பு. மேக்னெட் பக்கத்துச் சீல் கெட்டால் வெளிக்காற்று நுழைந்து கலவை மெலியும். கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டால் கியர் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும், கியர் எண்ணெயின் அளவும் குறைந்துகொண்டே போகும். இன்டேக்கையும் சைலன்சர் துளையையும் அடைத்துவிட்டு, கிராங்க் பெட்டிக்குள் ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ. காற்றை ஏற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் முறையான சோதனை, ஒரு பி.எஸ்.ஐ.-க்கு மேல் குறைந்தால் கசிவைத் தேடிப் பிடிக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் இந்த வேலையைப் பட்டறையில் கொடுப்பதே சரி, ஆனால் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

தீப்பொறி மறைகிறது என்றால்

"சிடிஐ போய்விட்டது, மாற்றுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். சிடிஐ கெடுவதும் உண்டு. ஆனால் அதை மீட்டரால் அளந்து உறுதி செய்ய வழியில்லை. நன்றாக ஓடும் இன்னொரு வண்டியின் சிடிஐ-யை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் வழி. ஆகவே அளக்கக் கூடியவற்றை முதலில் அளந்துவிட வேண்டும்.

பிளக் மூடியைக் கழற்றி அதன் மின்தடையைப் பாருங்கள். ரெசிஸ்டர் உள்ள மூடி என்றால் சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். எல்லையில்லாமல் காட்டினால் மூடியை மாற்றுங்கள், சில வெள்ளிதான் ஆகும். பிறகு இக்னிஷன் காயில், மேக்னெட்டில் சிடிஐ-க்கு மின்சாரம் தரும் சோர்ஸ் காயில், பொறி விழும் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில் ஆகிய மூன்றையும் அவற்றின் இணைப்பிலேயே அளந்து, சர்வீஸ் புத்தகத்தின் எண்ணோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இது ஆறிய நிலையின் அளவு.

இப்போது வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்திவைத்து, அதே இணைப்புகளில் மறுபடியும் அளவிடுங்கள். இரண்டாவது எண் உயர்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயரும். காயில் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால், கால் பங்குக்குச் சற்றுக் குறைவான உயர்வு இயல்பு. ஆனால் எண் அதற்கும் மேலே தாவினாலோ, மீட்டரில் நிலையில்லாமல் ஆடினாலோ, ஒரேயடியாக எல்லையில்லாமல் போனாலோ, அல்லது சூட்டில் உயர்வதற்குப் பதிலாகக் குறைந்தாலோ, கோளாறு அந்தக் காயிலில்தான். உள்ளே கம்பி அறுந்து, ஆறும்போது ஒட்டிக்கொண்டு, சூட்டில் விரியும்போது பிரிகிறது. அல்லது கம்பியின் பூச்சு உதிர்ந்து சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

வீட்டிலேயே செய்யக்கூடிய இன்னொரு வழி: காயிலைக் கழற்றி, மீட்டரை மாட்டிவைத்து, முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் சூடேற்றிக்கொண்டே எண்ணைக் கவனியுங்கள். நெருப்பில் காட்ட வேண்டாம். வழியில் வண்டி நின்றுபோனால் இதற்கு நேர்மாறான சோதனை உண்டு: டேங்குக்கு அடியில் இருக்கும் இக்னிஷன் காயிலின் மீது நனைத்த துணியைச் சுற்றி இரண்டு மூன்று நிமிடம் குளிரவிட்டு, துணியை எடுத்துத் துடைத்த பிறகு உதையுங்கள். உடனே எழுந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. தண்ணீரைச் சூடான சிலிண்டர் மீது மட்டும் ஊற்றாதீர்கள், உலோகம் வெடிக்கக்கூடும்.

காயில்களை அளக்கும்போது இணைப்புகளையும் பாருங்கள். கடற்காற்றும் ஈரமும் ஓயாத தீவு இது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பது சாதாரணம். களிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முனைகளைச் சற்று இறுக்கி, எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றித் தேய்த்துத் திரும்பப் பூட்டுங்கள். இதை மட்டும் செய்து சரியான வண்டிகளும் உண்டு.

கம்ப்ரஷன்

ஆறிய இஞ்சினில் ஒருமுறை, சூடான இஞ்சினில் ஒருமுறை, இரண்டு தடவையும் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். 120 பி.எஸ்.ஐ.-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 100-க்குக் கீழே இறங்கினால் உதைத்து எழுப்புவது கடினமாகும். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்த இஞ்சினில் ஆறிய நிலையில் எண்ணெய்ப் படலம் இடைவெளியை ஓரளவு அடைத்துக்கொள்ளும். சூட்டில் படலம் மெலிந்து எண் சரியும். இரண்டு அளவுகளுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் சிலிண்டரைக் கழற்றி அளக்கச் சொல்ல வேண்டியதுதான்.

ஃபோர்-ஸ்ட்ரோக் கப்சாய் வைத்திருப்பவர்களுக்கு

கார்பரேட்டர் காலத்து ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற வண்டிகளுக்கும் மேலே சொன்ன பிளக், கார்பரேட்டர், காயில் சோதனைகள் அப்படியே பொருந்தும். கிராங்க் சீல் பகுதியை விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக வால்வு இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி மிகக் குறைவாக இருந்தால், சூட்டில் வால்வின் தண்டு நீண்டு, வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும், ஆறியதும் சரியாகிவிடும். இஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, புத்தகத்தில் உள்ள அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். வால்வு சத்தம் போடக் கூடாது என்று அளவுக்கு மீறி இறுக்கிவிடுவதால் வரும் கோளாறு இது. லேசான டிக் டிக் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படி அறிவது

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். பிளக், காயில், ஊசி வால்வு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது உண்மையான காரணம் என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த முறை கோளாறு வந்தால் மறுபடியும் மூன்றுக்கும் செலவு செய்வீர்கள். கழற்றிய பாகத்தையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

மாற்றிய பிறகு, இஞ்சின் உண்மையிலேயே உழைக்கும் ஒரு பாதையில் ஓட்டிப் பாருங்கள். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் வளைந்து ஏறும் மலைச்சாலை இதற்கு மிகப் பொருத்தம். சமதளத்தில் பினாங்குப் பாலத்தைக் கடந்து வருவதைவிட அந்த ஏற்றத்தில் இஞ்சின் அதிகம் சூடாகும். பாலிக் பூலாவில் இறங்கியதும் காக்கை மூடாமல் அப்படியே அணைத்துவிட்டு, நிழலில் பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். சோக் இல்லாமல் உதையுங்கள். எழுந்தால் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைத்து, உடனே மறுபடியும் ஒருமுறை உதைத்துப் பாருங்கள். வெவ்வேறு நாட்களில் மூன்று முறை இப்படி எழுந்த பிறகு, காக்கை மூடிவைக்கும் பழக்கத்தைத் திரும்பவும் தொடங்கலாம். ஊசி வால்வு புதிதாக இருந்தாலும் நீண்ட நேரம் நிறுத்தும்போது காக்கை மூடுவது கார்பரேட்டருக்கு நல்லதுதான்.